நிமிடத்துக்குப் பதினாறு

தெம்பனிஸ்,
12 ஏப்ரல் 2025

தம்பி இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், பிள்ளைகள் ஸைஃப், சாதியா எல்லாரும் நலம். ஈப்போவில் நீயும் ரபியாவும் நலமாக இருக்க வேண்டும். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காரியத்துக்கு வருகிறேன். உன் மச்சானுடைய மாரிஸ் மைனர் கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 1966ஆம் வருடத்து வண்டி. அதை முழுவதும் கழற்றி மறுபடி பூட்டியவன் நீ, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய வண்டி என்பதால் வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலையில் ஓட்டலாம். அவர் மௌத்தாகி, என்னைத் தனியாக விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்த வண்டியை ஒரு தடவையாவது நானே ஓட்டிக்கொண்டு சுவா சூ காங் மையவாடிக்குப் போய் அவர் கபுரடியில் ஸலாம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இருபத்தேழு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே வந்தவள் நான். கார் பார்க்குக்கு வெளியே ஸ்டீயரிங்கைக் கொடுத்ததே இல்லை. "கியர் அழுவுது ஜரீனா, எறங்கு" என்பார்.

இரண்டு தடவை கிளம்பினேன், இரண்டு தடவையும் போய்ச் சேரவில்லை. முதல் தடவை, அவருடைய வருட நாளான பிப்ரவரி இரண்டாம் தேதி, பி.ஐ.இ. விரைவுச்சாலையில் தோ பாயோ தாண்டுவதற்குள் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. மார்ச்சில் அதே போல, ஏறக்குறைய அதே இடத்தில். கிளம்பி இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுவதில்லை. நின்ற பிறகு சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று விடாமல் அடிக்கிறது. வண்டி கிளம்பாது. இரண்டு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே போனதும் ஒரே திருப்பில் கிளம்பிவிடுகிறது. "கோளாறு ஒண்ணும் இல்லையே" என்கிறார்கள்.

ஸைஃப் சொல்லிவிட்டான்: "உம்மா, போதும் லா. அக்டோபர் முப்பத்தொண்ணுக்குள்ள இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகலன்னா ஸ்க்ராப்புக்கு விட்டுருவோம். எக்ஸ்பிரஸ்வே ஓரத்துல நீங்க நிக்கிறத என்னால பாக்க முடியல." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. தபாலிலேயே எழுது. போனில் நாம் கடைசியாகப் பேசியதே எனக்குப் போதும்.

வஸ்ஸலாம்,
ஜரீனா


ஈப்போ,
30 ஏப்ரல் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே நானும் ரபியாவும் சுகம். ரபியா இன்னும் தமிழ்ப் பள்ளி அலுவலகத்தில்தான் இருக்கிறாள். உங்கள் முழங்காலுக்கு அவள் ஒரு எண்ணெய் அனுப்பச் சொல்கிறாள். தபாலில் போனால் உடையும், ஆள் போகும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டுதான் பிரித்தேன். மச்சான் மௌத்துக்குப் பிறகு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எழுதினீர்களே, அது போதும்.

வண்டி விஷயம். அந்தப் பம்ப் வாயுள்ள ஜீவன் லாத்தா, தன் நோயைத் தானே சொல்லும். சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் அடித்து, கார்பரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். அதுதான் ஆரோக்கியம். விடாமல் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெட்ரோலோடு எங்கேயோ காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குத் தண்ணீர் வராதே, அந்த மாதிரி. டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் குழாயில் ரப்பர் ஹோஸ் ஒரு துண்டு இருக்கும். அதை மாற்றுங்கள். இரண்டு முனையிலும் உள்ள கிளிப்பை இறுக்குங்கள்.

மற்றபடி என்ன சத்தம் வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். போனில் கூப்பிட வேண்டாம். பட்டறையில் ஒரே இரைச்சல். கடிதம் என்றால் மேசையில் வைத்து இரண்டு தடவை படிப்பேன்.

துஆவுடன்,
உங்கள் தம்பி இப்ராஹீம்


தெம்பனிஸ்,
18 மே 2025

தம்பி இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருவரும் நலம்தானே? இங்கே வெயில் ஆளைச் சுடுகிறது. சாதியாவின் மகளுக்குக் கடைவாய்ப் பல் முளைத்துவிட்டது.

ஹோஸ் வாங்க ஜாலான் புசாரில் கதிரேசன் கடைக்குப் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குக்கா ஹோஸ்?"

"எனக்குத்தான்."

"வண்டிக்கா?"

"பின்னே, ரத்தம் ஏத்தவா?"

முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கும். சிரித்துக்கொண்டே நல்ல ஹோஸாக வெட்டிக் கொடுத்தார். அங்கிருந்து தேக்கா சந்தைக்கு நடந்து கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஸைஃபிடம் சொல்லவில்லை. நானே பாயை விரித்து வண்டிக்கடியில் படுத்து மாற்றினேன். படுத்தது எளிது, எழுந்ததுதான் பாடு. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் துரைசாமி அண்ணன் வந்து கை கொடுத்தார். போன வருடம் கார் பார்க்கில் பெட்ரோல் நாறுகிறது என்று புகார் செய்தவரும் அவர்தான். அந்த வாடைக்கு அப்போதே ஓர் ஏற்பாடு செய்துவிட்டேன். அதிலிருந்து சிநேகிதமாக இருக்கிறார்.

நேற்றுக் காலை டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. தோ பாயோ தாண்டிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன், ஆடம் சாலை மேம்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பம்ப் அதே மாதிரி விடாமல் டிக் டிக்.

இழுத்துப்போக வந்தவர் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார். "மேடம், முழுசா இருக்கு லா" என்றார். அதன் பிறகு சாவியைத் திருப்பினால் கிளம்பிவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

வஸ்ஸலாம்,
ஜரீனா


ஈப்போ,
3 ஜூன் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இந்தக் கடிதம் வருவதற்குள் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்திருக்கும், இருந்தாலும் வாழ்த்து. பேத்தியின் பல்லுக்கு என் முத்தம்.

நீங்கள் வண்டிக்கடியில் படுத்ததைப் படித்து ரபியா சிரித்தாள். பிறகு என்னைத் திட்டினாள். இனி வேண்டாம், யாரையாவது படுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் நான் சொன்னதில் மாற்றமில்லை. விடாமல் அடித்தால் அது காற்றுதான். டேங்கின் வாயில் ஒரு பித்தளை நட் இருக்கும், அதை இறுக்குங்கள். பம்பில் குழாய் சேரும் இடத்தில் உள்ள வாஷரை மாற்றுங்கள். பிறகு ஒரு பரீட்சை. நீளமான ஸ்க்ரூடிரைவர் எடுத்து நுனியைப் பம்பின் மேல் வைத்து, கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள். பம்பின் ஒவ்வொரு அடியும் தாடையில் தெரியும். நான் இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறேன். அடி லேசாக இருந்தால் காற்று, கனமாக இருந்தால் பெட்ரோல்.

அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. மச்சானிடம் நீங்கள் போய்ச் சேருவீர்கள். அது என் பொறுப்பு.

துஆவுடன்,
இப்ராஹீம்


தெம்பனிஸ்,
21 ஜூன் 2025

தம்பி இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல்.

நட்டை இறுக்கியாயிற்று. வாஷரை மாற்றியாயிற்று. ஸ்க்ரூடிரைவரைக் கடித்தும் பார்த்தாயிற்று. பல் கூசியதுதான் மிச்சம், லேசும் கனமும் எனக்குத் தெரியவில்லை. போன ஞாயிறும் வண்டி நின்றது. இந்த வருடத்து நாற்பத்தைந்து நாளில் பாதி சாலையோரத்திலேயே கழிந்துவிடும் போலிருக்கிறது.

சத்தத்தை எழுது, சத்தத்தை எழுது என்கிறாய். சத்தத்தை எப்படி எழுதுவது? அதனால் பம்ப் அடிப்பதைப் பதிவு செய்து நேற்று முன்தினம் உன் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பேசத்தான் உனக்கு மனமில்லை, கேட்கவாவது செய்யலாம் அல்லவா? கேட்டுவிட்டு எழுது.

வஸ்ஸலாம்,
ஜரீனா


ஈப்போ,
5 ஜூலை 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே இருவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது.

நீங்கள் அனுப்பியதைக் கேட்டேன். நன்றாக, தெளிவாக இருந்தது. நான் நினைத்த மாதிரியேதான். வேகமாக அடிக்கிறது. சந்தேகமே இல்லை, காற்றுதான். டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாயிலேயே எங்கேயாவது துரு தின்றிருக்கும். குழாய் முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது.

பேச மனமில்லாமல் இல்லை லாத்தா. அப்படி நினைக்காதீர்கள்.

துஆவுடன்,
இப்ராஹீம்


தெம்பனிஸ்,
19 ஜூலை 2025

அன்புள்ள ரபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் உன் பள்ளிக்கூட முகவரிக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே எல்லாரும் நலம்.

ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் நீ பேசும்போது இப்ராஹீம் எதிரில் இருப்பான், உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான்.

போன மாதம் பம்ப் சத்தத்தைப் பதிவு செய்தேன். அன்று சாயங்காலமே சாதியாவுக்காகப் பிரியாணி செய்முறையைச் சொல்லிப் பதிவு செய்தேன், அவள்தான் கேட்டிருந்தாள். இரண்டையும் ஒன்றாக அனுப்பினேன். போன வாரம் சாதியா கூப்பிட்டாள். "உம்மா, இப்பத்தான் கேட்டேன். ஒங்க பிரியாணி ஏன் டிக் டிக்குன்னு சத்தம் போடுது?"

மாற்றி அனுப்பியிருக்கிறேன் ரபியா. இப்ராஹீமுக்குப் போனது பிரியாணி. ஒரு நிமிடம் நாற்பது விநாடி நான் பேசுகிறேன். "வெங்காயத்த அவசரப்படாம வதக்கு, இஞ்சி பூண்டு பச்ச வாட போகட்டும்." அதைக் கேட்டுவிட்டுத்தான் என் தம்பி எழுதுகிறான், தெளிவாக இருந்தது, பம்ப் வேகமாக அடிக்கிறது என்று.

அவன் கடிதத்தை அன்றைக்கு நாலு தடவை படித்தேன். ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடிக்கச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காது மங்கியவர்களுக்கு டாக்டர் இரும்புக் கவையைத் தட்டி நெற்றியில் வைப்பார். காதால் வராதது எலும்பால் வருகிறதா என்று பார்க்க. எத்தனை பேருக்கு நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்!

எப்போதிலிருந்து அவனுக்குக் காது கேட்கவில்லை?

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொல்லாதது. என் வீட்டுக்காரர் மௌத்தான அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நான் முதலில் கூப்பிட்டது இப்ராஹீமைத்தான். "தம்பி, மச்சான் போயிட்டாரு" என்றேன். அவன், "நல்லது லாத்தா, ரொம்ப நல்லது! எல்லாருக்கும் ஸலாம் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்த 'நல்லது' பதினேழு மாதமாக என் காதில் இருக்கிறது. வண்டி ஓடியே ஆக வேண்டும் என்ற நிலை வராமல் இருந்திருந்தால் அவனுக்கு நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

உன் லாத்தா,
ஜரீனா


ஈப்போ,
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். என் இடுப்பு பரவாயில்லை. உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரிக்காமல் இருந்திருக்கலாம். தலைமையாசிரியை வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

நாலு வருடம் ஆகிறது லாத்தா. முதலில் இடது காது, அப்புறம் வலது. இப்போது பக்கத்தில் நின்று முகம் பார்த்துப் பேசினால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். போனில் ஒன்றுமே இல்லை. காதில் வைக்கும் மெஷின் வாங்கினோம், மேசை டிராயரில் கிடக்கிறது. "காது கேக்காத மெக்கானிக்குகிட்ட எவன்டி வண்டிய விடுவான்?" என்பார். வண்டிக்காரர்கள் வந்தால் "எழுதிக் குடுங்க, மறந்துருவேன்" என்று ஒரு நோட்டை நீட்டுகிறார். அவர்களும் ஒழுங்கான ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் கூப்பிட்ட அன்றைக்கு நான் பள்ளியில் இருந்தேன். அவர் போனில் உங்கள் பெயரைப் பார்த்து எடுத்திருக்கிறார். சாதியாவுக்கு அந்த வாரம்தான் பிரசவ நாள் சொல்லியிருந்தார்கள், நினைவிருக்கிறதா? உங்கள் குரல் ஏதோ இரைச்சலாக வந்ததாம். குழந்தை பிறந்த செய்தி என்று நினைத்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்ததும் "லாத்தா கூப்ட்டாங்க, பேரப்பிள்ள பொறந்துருச்சு போல" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. மறுநாள் சாதியாவின் செய்தி என் போனுக்கு வந்தது. அதை அவரிடம் நான்தான் காட்டினேன். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

பையைக் கட்டினார், பஸ் டிக்கெட்டும் எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். "அங்க நூறு பேரு வந்து பேசுவாங்க. நான் மறுபடி எதையாவது சொல்லி வெச்சா?" என்றார். அதுதான் அவர் வராததற்குக் காரணம், வேறொன்றும் இல்லை.

இன்றுவரை என்னிடம் கேட்பது ஒன்றுதான். "நான் சொன்னது லாத்தாவுக்குக் கேட்டிருக்குமா?" எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது, ஆனாலும் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் ரபியா


தெம்பனிஸ்,
17 ஆகஸ்ட் 2025

என் அன்புத் தம்பி இப்ராஹீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கண்ணுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டுகிறாயா? நான் நலம். ரபியா சொன்ன எண்ணெய் இன்னும் வந்து சேரவில்லை.

இதுவரை நான் உனக்கு எழுதிய விதம் சரியில்லை. நர்ஸ் வேலையில் 'நாடி விடாமல் அடிக்கிறது' என்று குறிப்பெழுதினால் என் மேட்ரன் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். எண்ணி எழுத வேண்டும். அதனால் போன ஞாயிறு எண்ணினேன்.

எக்ஸ்பிரஸ்வே பக்கமே போகவில்லை. தெம்பனிஸ் அவென்யூக்களையே சுற்றிச் சுற்றி வந்தேன். அன்றும் டேங்க் நிறைய பெட்ரோல். கிளம்புவதற்கு முன், வண்டி குளிர்ந்திருந்தபோது, பானெட்டைத் திறந்து பம்பின் மேல் இரண்டு விரலை வைத்து, ஸைஃபைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஆறு அடி, ஐந்து விநாடிக்குள். பிறகு நின்றுவிட்டது. நீ சொன்ன ஆரோக்கியம். இருபத்து மூன்றாவது நிமிடம் வண்டி இழுத்து இழுத்து, எங்கள் புளோக்குக்கு எதிரிலேயே நின்றது. மறுபடி விரலை வைத்தேன். இடது மணிக்கட்டில் கடிகாரம். முழு ஒரு நிமிடம் எண்ணினேன், பதினாறு. சந்தேகத்துக்கு இன்னொரு நிமிடம், அப்போதும் பதினாறு. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் விரலுக்கடியில் ஒரு நீண்ட இழுப்பு. மூச்சுத் திணறும் நோயாளியின் நெஞ்சில் கை வைத்தால் தெரியுமே, அது மாதிரி. பம்பின் உடம்பு சுட்டது.

'விடாமல்' என்று நான் எழுதியது 'நிற்காமல்' என்ற பொருளில். 'வேகமாக' என்று நீ எடுத்துக்கொண்டாய் என்று இப்போதுதான் புரிகிறது. தப்பு என்னுடையது.

துரைசாமி அண்ணன் காய்கறிப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, வண்டிக்கு நாடி பாக்குறீங்களா?" என்றார். "ஆமா அண்ணே, பெட் காலி இல்ல, அப்புறம் வாங்க" என்றேன்.

ஸைஃப் அன்றைக்கு ஸ்க்ராப் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "பதினாறுன்னா என்ன அர்த்தம்னு மாமாகிட்ட கேளுங்க உம்மா" என்றான். கேட்கிறேன். பதினாறு என்றால் என்ன?

உன் லாத்தா


ஈப்போ,
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். சாப்பிடுகிறேன், டாக்டரிடமும் காட்டுகிறேன், திட்ட வேண்டாம்.

பதினாறா! அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நாலு மாதம் உங்களைத் தலைகீழான வழியில் ஓட்டியிருக்கிறேன். காற்றை உறிஞ்சினால் பம்ப் படபடவென்று அடிக்கும், நிமிடத்துக்கு நூறுக்கு மேல் போகும். பதினாறு என்றால் அது இழுக்கிறது, ஆனால் டேங்க் விடமாட்டேன் என்கிறது. காற்று உள்ளே வருகிறது என்று நான் தேடினேன். அங்கே காற்று உள்ளே வரவே வழியில்லை.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று வந்து நிரம்ப வேண்டும். அதற்காகத்தான் டேங்க் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை வைத்திருக்கிறான். அது அடைபட்டால் இருபது நிமிடத்தில் டேங்குக்குள் இழுவிசை ஏறிவிடும், பம்ப் தோற்றுவிடும். டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம். இழுத்துப்போக வந்த ஆள் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தாரே, அப்போதே நோய் தீர்ந்துவிட்டது. இரண்டு பட்டறைக்காரர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். வைத்தியம் பார்த்துவிட்டு, நோயே இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த தடவை நின்றதும் மூடியை லேசாகத் திருகி, விளிம்பில் உள்ளங்கையை வையுங்கள். காற்று உள்ளே பாய்வது தோலில் தெரியும். தெரிந்தால் நான் சொன்னது சரி. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். துரைசாமி அண்ணனுக்காக, வாடைக்கு ஓர் ஏற்பாடு செய்தேன் என்று மே மாதம் எழுதியிருந்தீர்களே, அது என்ன ஏற்பாடு?

லாத்தா, இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒரு சத்தம்கூட எழுதவில்லை. ஒரு டிக் கூட இல்லை. எல்லாம் விரல், கை, எண்ணிக்கை. நான் இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை படிக்கும்போது புரிந்தது. ரபியா சொன்னாளா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய பதிவில் என்ன இருந்தது என்றும் எனக்குத் தெரியாது. கேட்டேன் என்று எழுதியது பொய்.

பொய் அது ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. மச்சான் போன அன்று நீங்கள் கூப்பிட்டீர்கள். சாதியாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒவ்வொரு எழுத்தாக நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு அது கேட்டதா?

துஆவுடன்,
உங்கள் தம்பி இப்ராஹீம்


தெம்பனிஸ்,
28 செப்டம்பர் 2025

என் அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் என் குற்றம். போன வருடம் துரைசாமி அண்ணன் பெட்ரோல் வாடை என்று சொன்னபோது, ஊறுகாய் ஜாடியின் ரப்பர் வளையத்தை மூடிக்குள் பொருத்தினேன். அந்தச் சின்னத் துளையும் கண்ணில் பட்டது. அதுதான் வாடை வரும் வழி என்று மருத்துவ பிளாஸ்டரை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். காயத்தில் காற்றுப் படாமல் கட்டிப் பழகிய கை. வண்டிக்கு என்னென்ன செய்தேன் என்று உனக்கு எழுதியபோதெல்லாம் அதை எழுதத் தோன்றவே இல்லை. அது பழுது பார்த்ததில் சேராது, சுத்தம் செய்ததில் சேரும் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு, இருபத்தொன்றாம் தேதி, அதை எடுக்காமலே கிளம்பினேன். நீ சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. ஸைஃப் பக்கத்து சீட்டில். ஆடம் சாலைக்கு முன்னால் வண்டி இழுக்க ஆரம்பித்ததும் ஓரம் கட்டினேன். மூடியைத் திருகி உள்ளங்கையை வைத்தேன். தோலைப் பிடித்து இழுத்தது இப்ராஹீம். நான் கையை எடுக்கவில்லை, அது நிற்கும் வரை வைத்திருந்தேன். ஸைஃபின் கையையும் பிடித்து வைத்தேன். நகத்தால் பிளாஸ்டரை உரித்தான், வளையத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாவியைத் திருப்பினேன். ஆறு அடி, நின்றது. வண்டி கிளம்பியது.

அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. ஜாலான் பஹார் வழியாக மையவாடி வாசல் வரை போனேன். கடைசித் திருப்பத்தில் கியர் ஒரு தடவை அழுதது. "வாப்பா இருந்தா எறங்கச் சொல்லியிருப்பாரு" என்றான் ஸைஃப். கபுரடியில் உன் ஸலாமையும் சேர்த்துச் சொன்னேன். வண்டியை மரத்தடியில் அவர் பக்கம் பார்த்து நிறுத்தியிருந்தேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகிவிட்டது. வாடை மறுபடி வருகிறது. துரைசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டேன், "வண்டி மூச்சு விடுது அண்ணே, பொறுத்துக்கோங்க" என்று. பொறுத்துக்கொள்கிறார்.

இந்த வருடத்து நாற்பத்தைந்து நாளில் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது. பஸ் ஏறி வா. ரபியாவையும் கூட்டிக்கொண்டு வா, எண்ணெயையும். இங்கே நூறு பேர் இருக்க மாட்டார்கள், நான் மட்டும்தான். நேருக்கு நேர் பார்த்து, நிதானமாகப் பேசுவேன். டிராயரில் இருப்பதைக் கொண்டு வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் சந்தோஷம். சாவியைத் திருப்பும்போது பம்பின் மேல் நீ கை வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் லைன் சரியாக இல்லை. நான் பேசி முடிப்பதற்குள் கட்டாகிவிட்டது. நீ ஒன்றுமே சொல்லாமல் வைத்துவிட்டாய் என்றுதான் இத்தனை நாள் எனக்குக் கோபம். நீ என்ன சொன்னாயோ, எனக்குக் கேட்கவில்லை.

துஆவுடன்,
உன் லாத்தா